அன்பு எங்கே அவசரப்படவேண்டும்?



திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்ட கதையைக் கேளாத தமிழ்க் கிறிஸ்தவர் குறைவு. 1890களின் தொடக்கத்தில், மருத்துவ மிஷனரியான தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஐடா ஸ்கடரைத் தேடி ஒருவர்பின் ஒருவராக மூன்று கணவர்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு மேல்சாதி இந்து. மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், வந்து பாருங்கள் என்று மூவரும் கெஞ்சினார்கள். தமக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்று அவர் சொன்னபோது, வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த அந்த இளம்பெண், மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே திரும்புவது என்று அன்று முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு இதற்குப் பின்னால் வரும் வறட்டுத் தேதிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895இல். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1899இல். இந்தியா திரும்பியது 1900 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் வடாற்காட்டிலும் தென்னாற்காட்டிலும் பெண்கள் அதே காரணத்தால் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியானால் அவருடைய முடிவை அவசரம் என்பதா, தாமதம் என்பதா?

நம்பிக்கையைச் செயலில் காட்டுவதற்கு அவசரம் வேண்டும் என்று நம் மேடைகள் ஓயாமல் பேசுகின்றன. காலம் முடியப்போகிறது, ஆள் போதவில்லை, இன்றே செய், இப்போதே செய். இந்தப் பேச்சில் எனக்கு மறுப்பில்லை. எதில் அவசரம் என்று யாரும் பிரித்துச் சொல்லாததுதான் என் குறை. கற்றுக்கொண்டு செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. முடிவெடுத்தாலே போதும் என்னும் வேலைகள் சில உண்டு. முதல் வகையில் அன்பு பொறுமையாக இருந்தாகவேண்டும். இரண்டாம் வகையில் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அது அன்பில்லை. திருச்சபையின் வரலாற்றைப் பார்த்தால், நன்றாக நடந்த காலங்களில் அது இந்த இரண்டையும் சரியாகப் பிரித்திருக்கிறது. சறுக்கிய காலங்களிலோ தலைகீழாக மாற்றியிருக்கிறது: பிறர் மனம் மாறுவதற்கு அவசரப்பட்டிருக்கிறது, தான் மாறுவதற்கு அவகாசம் கேட்டிருக்கிறது. இன்று நான் வாதிட வந்தது இவ்வளவே.

லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் சமாரியர் உவமையிலேயே இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று கதை சொல்லவில்லை. போகவேண்டிய வேலை இருந்தது என்று நாமே ஊகிக்கலாம். சமாரியன் நிற்கிறான். அவனுடைய அவசரம் அந்த ஒரு கணத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் செய்பவை எல்லாம் நிதானமானவை: எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்தில் இரவெல்லாம் கவனிக்கிறான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். முன்பணம், கணக்கு, மறுபடி வருவதாக வாக்கு. உவமையைப் படிப்பவர்கள் எண்ணெயில் மனம் நெகிழ்ந்து, சத்திரத்தைக் கடந்து போய்விடுகிறோம். அந்த மனிதன் பிழைத்ததற்குச் சத்திரமும் காரணம். வழிப்போக்கர்களுக்காக யாரோ முன்பே கட்டி, நடத்தி வந்த ஓர் இடம் அது.

முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பாடம் எளிதில் வந்துவிடவில்லை. பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்து என்று பலரும் கருதுவது, ஏறக்குறைய கி.பி. 50ஐ ஒட்டியது. ஆண்டவர் எந்த நேரமும் வரலாம் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சபையில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்பில் சிலர் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள் என்பது அந்தச் சபைக்குச் சென்ற நிருபங்களில் தெரிகிறது. அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி குளிர்ந்த தண்ணீர்: அமைதியாக இருங்கள், உங்கள் கையால் உழையுங்கள், உழைக்க மனமில்லாதவன் சாப்பாட்டையும் எதிர்பார்க்க வேண்டாம். வருகையை மறுத்து எழுதவில்லை. வரப்போகிறார் என்பதற்காகவே ஒழுங்காக வேலை செய்யச் சொல்கிறார். இதை மறந்த அவசரத்துக்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று உலகம் முடியும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் வயலில் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல் விடிந்தது. அந்தப் பரபரப்பால் பசித்த ஒருவருக்கும் ஒரு கவளம் கிடைக்கவில்லை, அறுக்காத கதிர்தான் மிச்சம்.

மறுபக்கச் சான்றுக்கு மூன்றாம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். ஏறக்குறைய 250 முதல் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் ஒன்று அலைக்கழித்தது. கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானின் பெயரால் அதை இன்றும் அழைக்கிறார்கள். தேசியு பேரரசரின் ஆட்சியில் கிறிஸ்தவர்களைச் சிறையிலடைத்தும் கொன்றும் வந்த காலத்தை ஒட்டியே நோயும் வந்தது. நம்மவரை மட்டும் கவனித்தால் போதாது, நம்மைத் துன்புறுத்தியவர்களையும் கவனிக்கவேண்டும் என்று சிப்ரியான் தம் மக்களிடம் பேசியதாக அவருடைய வாழ்க்கையை எழுதிய பொந்தியு சொல்கிறார். அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியுவின் கடிதம் ஒன்றும் கிடைத்திருக்கிறது: கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பணிசெய்து தாங்களும் மாண்டார்கள், மற்றவர்கள் தங்கள் சொந்தக்காரர்களையே தெருவில் தள்ளினார்கள் என்கிறது. தன் கட்சியை உயர்த்திப் பேசும் ஆயரின் வாக்குமூலத்தை எப்படி அப்படியே ஏற்பது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கிறிஸ்தவர் அல்லாதவர்கள் எல்லாரும் தாய்தந்தையரைத் தெருவில் போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் நூறாண்டுக்குப் பின் ஒரு பகைவரின் சாட்சி கிடைக்கிறது. கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீட்க முயன்ற ஜூலியன் பேரரசர், 362ஐ ஒட்டிக் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் எரிச்சலோடு குறைப்படுகிறார்: அந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாமோ நம்மவரையே கவனிப்பதில்லை. ஊர்தோறும் விடுதி கட்டச் சொல்லி 30,000 மோதியு தானியமும் அவர் ஒதுக்கினார். எதிரியைப் பார்த்துத் திட்டத்தை நகலெடுக்கும் அளவுக்கு அது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

கொள்ளைநோய்க் காலத்தில் அந்தச் சபைகளால் உடனே இறங்க முடிந்தது எப்படி? இதற்கு விடை ஒரு கணக்குப் பட்டியலில் இருக்கிறது. ரோம் நகர ஆயர் கொர்னேலியு 251இல் எழுதிய கடிதத்தில் தம் சபையின் நிலவரத்தைச் சொல்கிறார்: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், அவர்களோடு சபை பராமரித்துவரும் 1,500க்கும் மேற்பட்ட விதவைகளும் ஏழைகளும். யார் வீட்டில் யார் நோயாளி, எந்தத் தெருவில் எந்த விதவை என்ற விவரம் நோய் வருவதற்கு முன்பே அவர்கள் கையில் இருந்திருக்கவேண்டும். சலிக்காமல் எழுதி, திருத்தி, படியளந்து வைத்த பெயர்ப்பட்டியல் அது. வீரம் நோயின் நாளில் வந்தது. அதற்கு வழி, யாரும் புகழாத முந்தைய ஆண்டுகளில் போட்டது. கப்பதோக்கியாவில் பசிலியாரும் இதையே செய்தார். 369ஐ ஒட்டிய பஞ்சத்தில் அவர் செல்வர்களின் களஞ்சியங்களைப் பேசிப் பேசித் திறக்கவைத்து, பெரிய கொப்பரைகளில் பயற்றுக் கஞ்சி காய்ச்சித் தம் கையால் பரிமாறினார் என்று நண்பர் நசியான்சு கிரகோரியார் எழுதுகிறார். உன் பெட்டியில் மடித்துக் கிடக்கும் அதிகப்படியான ஆடை ஆடையில்லாதவனுக்குச் சொந்தம் என்பது பசிலியாரின் கட்சி. அதை அவர் தருமம் என்று சொல்லவில்லை, திருப்பித் தரவேண்டிய கடன் என்றார். பஞ்சம் தீர்ந்ததும் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிடவில்லை. செசரேயா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் தொழுநோயாளிகளுக்கும் மருத்துவர்களோடு கூடிய ஒரு வளாகம் எழுந்தது. கிரகோரியார் அதைப் புதிய நகரம் என்றே அழைத்தார்.

இப்போது ஐடா ஸ்கடரிடம் திரும்பலாம். 1900இல் அவர் வேலூரில் ஒரு சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. வெளியூர்களுக்கு மாட்டுவண்டியிலும் பிறகு காரிலும் போய், சாலையோர மரநிழலில் மருந்து கொடுத்தார். குறிப்பிட்ட கிழமையில் வண்டி வரும் என்று தெரிந்து குடியாத்தம் சாலையில் கூட்டம் காத்திருக்கும். அந்த வேகத்திலேயே அவர் ஆயுளைக் கழித்திருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு மருத்துவர் எத்தனை பிரசவம் பார்த்தாலும் மாவட்டத்தின் கணக்குக்கு அது உறைபோடக் காணாது என்பதை அவர் கண்டுகொண்டார். 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918 ஆகஸ்டில், உலகப்போர் இன்னும் ஓயாத நேரத்தில், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தது. மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்று மாகாணத்தின் மருத்துவ அதிகாரி ஒருவர் சந்தேகப்பட்டார் என்பார்கள். 1922இல் முதல் அணியின் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். திண்டிவனத்துக் கணவர்களின் நிபந்தனைக்கு அன்றுதான் முழு விடை கிடைத்தது: அவர்கள் வீட்டுக்குள் போகக்கூடிய, அவர்கள் மொழி பேசும் பெண் மருத்துவர்கள். பிறகு சென்னை அரசு பட்டயப் படிப்பை நிறுத்தி பட்டப்படிப்பே வேண்டும் என்றபோது, 70 வயதை எட்டிய அவர், அடுத்த உலகப்போருக்கு நடுவே அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது, 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள், கல்லூரியின் பொறுப்பு ஹில்டா லாசரஸ் என்ற இந்திய மருத்துவரின் கைக்கு வந்தது. 1960இல் ஐடா மறைந்தார். மூவரை நினைத்து எடுத்த முடிவு இத்தனை பத்தாண்டுகளாகச் செயலாகிக்கொண்டே இருந்தது. அவசரம் தொடக்கத்தில் இருந்தது; வேலைக்கு வேண்டிய காலத்தை அவர் வேலைக்குக் கொடுத்தார்.

இன்னும் நுணுக்கமான சான்று செங்கல்பட்டில் இருக்கிறது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் கற்ற பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மடங்கிச் சுருண்ட விரல்களோடு நின்ற ஒரு நோயாளியிடம் பிராண்ட் தம் கையை நீட்டி, முடிந்தவரை அழுத்துங்கள் என்றார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு உயிர்போகிற மாதிரி வலித்தது. கையில் நல்ல தசை இருக்கிறது, சில நரம்புகள் மட்டுமே செத்திருக்கின்றன என்று அப்போது பிடிபட்டது. எலும்பு முறிவுக்கும் மூட்டு வலிக்கும் அறுவை மருத்துவர்கள் இருந்தார்கள்; கோடிக்கணக்கான தொழுநோயாளிகளின் கைகளை மட்டும் அதுவரை எந்த அறுவை மருத்துவரும் ஊன்றிப் பார்க்கவில்லை என்று காக்ரேன் சொன்னது அவரை உறுத்தியது. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைக்கும் அறுவை மருத்துவத்தை வேலூரில் படிப்படியாக வளர்த்தெடுத்தார்கள். விரல்கள் ஏன் தேய்கின்றன என்பதற்குப் பல ஆண்டு துப்பறிய வேண்டியிருந்தது. கிருமி விரலைத் தின்னவில்லை; வலி தெரியாததால் சூடான பாத்திரத்தையும் ஆணியையும் உணராமல் நோயாளிகளே காயப்படுத்திக்கொண்டார்கள். இரவில் விரல் நுனி காணாமற்போகும் புதிரும் இருந்தது. காவலிருந்து பார்த்தபோது தூங்கும் நோயாளியின் விரலை எலி கடிப்பதைக் கண்டார்கள். மருந்துச்சீட்டில் எழுத முடியாத ஒரு சிகிச்சை தொடங்கியது: வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

இதில் எது உடனே நடந்தது, எதற்குக் காலம் பிடித்தது என்று பாருங்கள். நாணை எப்படி மாற்றிக் கட்டுவது என்பதற்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. அங்கே அவசரப்பட்டிருந்தால் இருக்கிற அசைவும் போயிருக்கும். கையைக் குலுக்குவதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. ஊரும் உறவும் ஒதுக்கிய ஒருவரின் கையைப் பிடிப்பது முடிவு மட்டுமே கேட்கும் செயல். பிடித்ததால்தான் தசையின் வலு தெரிந்தது என்பதையும் கவனிக்கலாம். உடனே செய்யக்கூடியதைத் தள்ளிப்போட்டிருந்தால், பொறுமையாகச் செய்யவேண்டியது எதுவென்றே தெரியாமல் போயிருக்கும்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் பழையது, மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் மதமாற்றத்துக்கு விரித்த வலை என்பது. காந்தியடிகள் பலமுறை இதைச் சொன்னார். மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு 1956இல் தந்த அறிக்கையும் இதையே சொன்னது. மிஷனரிகளுக்குப் பரிந்து, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதிக்க நான் தயாரில்லை. பஞ்சகாலத்தில் கொடுத்த கஞ்சியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே பேரேட்டில் எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆத்தும எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் காட்டவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. நான் முன்பு சொன்ன தலைகீழ் அவசரம் இதுதான். இன்னொருவரின் மனசாட்சி நம் கையில் இல்லை. அதில் நாம் அவசரப்பட்டால் அன்பு பேரமாகிவிடும். சமாரியன் காயம் கட்டுவதற்கு முன் எந்தக் கோயிலில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை. அதைவிட முக்கியம், இயேசு தம் கதையின் நாயகனாகத் தம் இனத்தானை வைக்காமல், கேட்பவர்கள் வெறுத்த வேற்று மார்க்கத்தானை வைத்தார். அன்பு எங்கள் தனிச்சொத்து என்று கிறிஸ்தவர் பெருமைப்பட அந்த உவமையில் இடமில்லை. மருத்துவமனை மதமாற்றத்துக்கு உதவியதா என்று கேட்பதைவிட, நம்பாதவருக்கும் அதே கட்டில், அதே மருந்து, அதே மரியாதை கிடைத்ததா என்று கேட்பது சரியான சோதனை. இன்று உள்ள ஒவ்வொரு கிறிஸ்தவ நிறுவனத்தையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். தோற்கும் இடங்களும் இருக்கும்.

இரண்டாவது மறுப்பு, இதையெல்லாம் அரசாங்கம் இன்னும் நன்றாகச் செய்கிறதே என்பது. உண்மைதான். மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 54. இந்தியச் சராசரி 97. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் 108 ஆம்புலன்சும் இல்லாமல் இது நடந்திருக்காது. மிஷன் மருத்துவமனைகள் எத்தனை இருந்தாலும் அந்த அகலத்தை எட்டியிருக்க முடியாது. இதில் கிறிஸ்தவருக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. வரிப்பணத்தில் சத்திரம் நடந்தால் சமாரியனுக்கு மகிழ்ச்சிதான். அவன் அடுத்த வழிப்போக்கனைப் பார்க்கலாம். ஒருகாலத்தில் தொடங்கியதாலேயே ஒன்றை விடாப்பிடியாக நடத்திக்கொண்டிருப்பதும், கட்டணம் கூடிப்போய் ஏழை உள்ளே வரத் தயங்கும் இடமாக அது மாறுவதும், அன்பின் தொடர்ச்சி ஆகாது. இதைச் சொல்ல நம் பேராயங்களுக்கு உள்ளேயே ஆள் தேவை.

மூன்றாவது மறுப்பை நான் எளிதில் தள்ளமாட்டேன். காயத்துக்குக் கட்டுப்போடுகிறீர்கள், கள்வர்கள் நடமாடும் பாதையை மாற்றினீர்களா என்று கேட்கிறார்கள். தருமம் செய்பவர்கள் நீதியைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது இதன் சாரம். வேலூர்ப் பள்ளி பெண்களைப் படிக்கவைத்ததே பாதையை மாற்றியதுதான் என்று ஒரு பதில் சொல்லலாம், அது பாதிப் பதில். மீதிக்குத் தமிழகத் திருச்சபை தன் வீட்டையே பார்க்கவேண்டும், ஏனென்றால் அவசரமா பொறுமையா என்ற இதே விவாதம் இங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே, சாதியைப் பற்றி, வெளிப்படையாக நடந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் அனுப்பிய சுற்றறிக்கையில், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் முழுவதுமாகவும் கைவிடவேண்டும் என்றார். ஒரே கிண்ணத்தில் நற்கருணை வாங்க மறுப்பதும், தனித்தனியே உட்காருவதும் இனி கூடாது என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைவிட்டே வெளியேறினார்கள். வில்சனின் முறையில் குறை உண்டு. நம் ஊரை நன்கு அறியாத ஒரு வெள்ளைக்காரர் மேலிருந்து போட்ட கட்டளை அது. தம் நாட்டு வர்க்க வேற்றுமையைப் பார்த்து அவர்கள் இப்படிக் கொதித்ததில்லை என்ற பதிலடியும் நியாயமானதே. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் வேறு வழி சொன்னார்: சாதி ஒரு சமூக ஏற்பாடு, நற்செய்தி மெல்ல மெல்ல உள்ளே வேலை செய்து அதைக் கரைக்கும், கட்டாயப்படுத்தக்கூடாது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராக முடிவெடுத்தபோது லைப்சிக் மிஷன் விலகி நின்றது.

கிரவுல் சாதாரண ஆள் இல்லை. தமிழ் நன்கு கற்றவர், திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர், இந்த மண்ணை மதித்தவர். அவருடைய வாதம் கேட்க நாகரிகமானது, என் வாதத்துக்கும் உறவுக்காரன்போலத் தோன்றுவது: பொறுமை, படிப்படி, காலம். ஆகவே அதற்கு நான் பதில் சொல்லியாகவேண்டும். நாண் மாற்று அறுவைக்குக் காலம் ஏன் தேவைப்பட்டது? எப்படிச் செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்காரவும், ஒரே கிண்ணத்தில் பருகவும், ஒரே நிலத்தில் புதைக்கவும் எவருக்காவது தெரியாமல் இருந்ததா? அங்கே கற்பதற்கு ஒன்றுமில்லை, மனம் வைப்பது மட்டுமே பாக்கி. அத்தகைய இடத்தில் பொறுமை பேசுபவர் தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தாராளமாகச் செலவழிக்கிறார்: காத்திருப்பவர் அவரல்ல, இழிவுபடுத்தப்படுபவர். கிரவுலின் வழிக்கு வரலாறு போதிய அவகாசமும் கொடுத்துப் பார்த்தது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து நின்ற சுவரை இடிக்கக் கோரி நம் காலத்திலும் போராட்டங்கள் நடந்தன. விழுப்புரம் மாவட்டத்தில் அப்போது இருந்த எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த சாதிக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் இடையே 2008 மார்ச்சில் மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். தலித் மக்களுக்குச் சபைக்குள்ளேயே தீண்டாமை நடக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. புராட்டஸ்டண்ட் சபைகளிலும் பேராயத் தேர்தல் நேரத்தில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று கூட்டிக் கழிப்பதை இந்த அவையில் அமர்ந்திருக்கும் யாருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை.

தொழுநோயாளியின் கையைப் பிடித்த அதே திருச்சபை, பக்கத்துத் தெருக்காரரின் பாடையைத் தன் வாசல் வழியே விட மறுத்திருக்கிறது. கல்வியும் நிபுணத்துவமும் பெரும்பணமும் கேட்ட காரியத்தை அது செய்துகாட்டியது. காலணாச் செலவில்லாத காரியத்தில் தயங்கி நிற்கிறது. நம் சாதி அடையாளத்தைத் தொடாத அன்பு எவ்வளவு பெரிதானாலும் நமக்குக் கைகூடுகிறது, தொடும் அன்பு எவ்வளவு சிறிதானாலும் கைகூடுவதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. யோவானின் பெயரால் உள்ள முதல் நிருபம் கண்ணெதிரே உள்ள சகோதரனை நேசியாமல் காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்பவனைப் பொய்யன் என்கிறது. அதைவிடக் கடுமையாக நான் பேசிவிட முடியாது. சட்டமோ நீதிமன்றமோ வந்து தீர்க்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்படுவது அரசு தீர்க்கவேண்டிய அநீதி. அதற்கு வாதாடவும் காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் சாவியோ பங்குப் பேரவையிடம் இருக்கிறது.

இந்த அவையில் ஆயர்கள் இருக்கிறீர்கள், சேகரக் கமிட்டி உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், பங்குப் பேரவைப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் இரண்டு கல்லறைத் தோட்டம் இருந்தால், சில தெருக்களுக்குள் தேர்ப்பவனி போவதில்லை என்றால், திருவிழா வரியை ஒரு சாதியாரிடம் மட்டும் வாங்குவதில்லை என்ற வழக்கம் இருந்தால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை முதல் பொருளாக வையுங்கள். ஆலயப் புதுப்பிப்பும் ஆண்டுவிழாவும் அதற்குப் பிறகு வரட்டும். ஆய்வுக் குழு அமைக்கவேண்டாம். அன்றைக்கே தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள்.